திறக்கக் கூடிய பெட்டி



விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் வட்டாரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்குச் சென்றால், கணிப்பொறி அறை என்று ஓர் அறையைக் காணலாம். நீண்ட மேசைகளின் மீது திரைகளும், அவற்றின் அருகே கரிய இரும்புப் பெட்டிகளும் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். பெட்டியின் பின்புறத்தில் இரண்டு திருகாணிகள் உண்டு. அவற்றைக் கழற்றிப் பக்கத்துத் தகட்டைப் பின்னோக்கி இழுத்தால் பெட்டி திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் உறுப்புகளில் பலவும் செருகி எடுக்கக் கூடியவை. நினைவகப் பட்டையை எடுத்துவிட்டு வேறு பட்டை செருகலாம். பழைய வட்டை நீக்கிப் புதியது பூட்டலாம். இவை எளிதாக இருப்பதனாலேயே இவற்றிற்கு ஒரு வரலாறு உண்டு என்று யாரும் எண்ணுவதில்லை. கதவு என்றால் திறக்கும், கணிப்பொறி என்றாலும் திறக்கும் என்று இருந்துவிடுகிறோம். பயன்படுத்துவோன் கைக்கு இப்பெட்டி திறந்தது அண்மைக் காலத்தில்தான். யாரும் மனமுவந்து அளித்த கொடையாகவும் அது வரவில்லை. அது திறந்த விதத்தையும், இடையில் மூட முயன்ற விதத்தையும், இப்பொழுது மீண்டும் சிறுகச் சிறுக மூடிவருவதையும் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

நம் நாட்டிற்கு முதலில் வந்த மின்னணுக் கணிப்பொறி, 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்திற்குக் கொண்டுவரப்பட்ட எச்.இ.சி.-2எம் என்னும் பொறியாகும். ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் அப்பொறியின் நினைவகம் சுழலும் உருளையில் 1024 சொற்களையே தாங்கியது. துளையிட்ட அட்டைகளே அதற்கு வாயும் கையும். பின்னர் அச்சிடும் கருவி ஒன்றை அதனோடு இணைத்தார்கள். உள்ள பொறியோடு புதிய உறுப்பைச் சேர்த்து அதன் ஆற்றலைக் கூட்டும் வேலை, நம் நாட்டில் முதற் பொறியிலேயே தொடங்கிவிட்டது.

அதே காலத்தில் பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் தாமே ஒரு கணிப்பொறியைச் செய்யத் துணிந்தனர். அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் ஆர். நரசிம்மன். சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று, மேற்படிப்பை அமெரிக்காவில் முடித்துக்கொண்டு 1954-இல் அந்நிறுவனத்தில் சேர்ந்தவர். அவருடைய குழுவினர் செய்த முழுப் பொறி 1960-இல் இயங்கலாயிற்று. 1962-இல் அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டவர் பிரதமர் நேரு. சுமார் 2700 வெற்றிடக் குழல்களும், 12,500 மின்தடைகளும் கொண்டது அது. பழைய வானொலிப் பெட்டியில் ஐந்தாறு குழல்கள் இருக்கும். அவற்றில் ஒன்று போனாலே பாட்டு நின்றுவிடும். 2700 குழல்கள் என்றால் எந்த நாளில் எந்தக் குழல் போகும் என்று யார் சொல்ல இயலும்? ஆகவே அக்காலத்தில் கணிப்பொறியைச் செய்வதும், அதில் பழுது கண்டுபிடிப்பதும் ஒரே கையின் வேலையாக இருந்தன. செய்தவனுக்கு உள்ளே எல்லாம் தெரியும், தெரிந்தவனே திருத்தினான். நரசிம்மனின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வரலாற்றில் அவர் இன்னொரு முறை வருவார்.

ஆனால் நம் நாட்டு அலுவலகங்களுக்குக் கணிப்பொறி வந்த வழி வேறு. அது ஐ.பி.எம். என்னும் அமெரிக்க நிறுவனத்தின் வழியாக வந்தது. அந்நிறுவனம் தன் பொறிகளைப் பெரும்பாலும் விற்பதில்லை, வாடகைக்கு விடும். வாடகை வீட்டில் குடியிருப்பவன் சுவரை இடித்து அலமாரி வைக்க முடியுமா? அதுபோல, பொறியைத் திறக்கவும் திருத்தவும் விரிவுபடுத்தவும் நிறுவனத்தின் ஆளே வர வேண்டும். அமெரிக்காவிலேயே இது வழக்காகி, 1956-ஆம் ஆண்டில் நீதிமன்றத்தின் வழியாக ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பொறிகளை வாடகைக்கு விடுவதோடு விற்கவும் வேண்டும், பிறர் நடத்தும் பழுதுபார்க்கும் நிலையங்களுக்கு உதிரி உறுப்புகளையும் விளக்க ஏடுகளையும் கொடுக்க வேண்டும் என்று அந்த உடன்பாடு விதித்தது. பெட்டியின் முதல் திருகாணி தளர்ந்தது ஒரு நீதிமன்றத்தில் என்று சொன்னால் அது மிகை ஆகாது.

இந்தியாவிலோ நிலைமை மாறவில்லை. 1959-இல் அமெரிக்காவில் அறிமுகமான 1401 என்னும் பொறியை, அங்கே பயன்படுத்திக் கழித்த பிறகு இங்கே கொணர்ந்து, பம்பாய்த் தொழிற்கூடத்தில் புதுப்பித்து, நம்மவர்க்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். வேறோர் இடத்தில் பழமையாகிப்போன பொருளுக்கு இங்கே வாடகை கொடுக்கிறோம் என்ற குறை எழுந்தது; நாடாளுமன்றக் குழுவும் அதைச் சுட்டிக்காட்டியது. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம், இந்தியாவில் இயங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் தம் பங்கினை 40 விழுக்காட்டிற்குக் குறைக்க வேண்டும் என்று விதித்தது. சிலவகைத் தொழில்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஐ.பி.எம். அதற்கு இசையவில்லை. 1978-இல் அது நம் நாட்டைவிட்டு வெளியேறியது.

இப்பொழுது ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள். ரயில்வேயிலும், ஆலைகளிலும், ஆராய்ச்சிக் கூடங்களிலும், பல்கலைக்கழகங்களிலும் அந்நிறுவனத்தின் பொறிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் திறக்கத் தெரிந்த நிறுவனம் கப்பல் ஏறிவிட்டது. நாளைக் காலை ஒரு பொறி நின்றால் சம்பளப் பட்டியல் நிற்கும், இருப்புக் கணக்கு நிற்கும். நம் அரசாங்கம் இதை முன்னரே உணர்ந்து, 1975-ஆம் ஆண்டு டிசம்பரில் கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்ற பெயரில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்திருந்தது. சி.எம்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அதன் முதல் தலைவர், முன்பு சொன்ன அதே நரசிம்மன். 1978-இல் நாட்டில் 800-க்கும் மேற்பட்ட இடங்களில் இருந்த ஐ.பி.எம். பொறிகளின் பராமரிப்பை அந்நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஐ.பி.எம்.மில் பணியாற்றிய பொறியாளர் சிலரும் அதில் சேர்ந்தனர். பொறிகள் நிற்கவில்லை. பின்னாளில் பிற நாட்டு நிறுவனங்களின் பொறிகளையும் அதுவே பராமரித்தது. அதற்குப் பின் ரயில் முன்பதிவுக்கான கணிப்பொறி முறையையே அமைத்துத் தந்தது. 2001-இல் டாட்டா குழுமத்தின் கைக்கு மாறிய அந்நிறுவனம், 2015-இல் டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. விடுதலை பெற்ற இந்தியாவின் தொழில் வரலாற்றை எழுதுவோர் அணைகளையும் உருக்காலைகளையும் நிறையப் போற்றுகின்றனர். பிறர் செய்த பொறியைத் திறந்து, அறிந்து, ஓட வைத்த இந்தச் சி.எம்.சி.யின் கதைக்கும் பாடநூலில் ஒரு பக்கம் கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து.

இனி, உங்கள் மேசையின் மேல் இருக்கும் பெட்டியின் நேர் மூதாதைக்கு வருவோம். 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தனிமனிதக் கணிப்பொறி ஒன்றை வெளியிட்டது. வாடகை முறையில் வளர்ந்த அதே நிறுவனம், இம்முறை அவசரத்தின் காரணமாகத் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. சிறு கணிப்பொறிச் சந்தையில் பிறர் முந்திவிட்டனர். ஓராண்டுக்குள் பொறியைக் கொண்டுவர வேண்டுமானால், எல்லா உறுப்புகளையும் தானே செய்துகொண்டிருக்க இயலாது. ஆகவே இன்டெல் நிறுவனத்தின் 8088 செயலியையும், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இயக்க மென்பொருளையும், சந்தையில் கிடைத்த பிற உறுப்புகளையும் சேர்த்துப் பொறியை அமைத்தார்கள். அடிப்பலகையில் ஐந்து செருகு பள்ளங்களை விட்டார்கள். கணிதத்திற்கென்று உள்ள 8087 செயலிக்கு ஓர் இருக்கையைக் காலியாகவே விட்டு வைத்தார்கள்; வேண்டியவர் பின்னர் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். 16 கிலோபைட் நினைவகத்தோடு வாங்கியவர், அதே பலகையில் 64 கிலோபைட் வரை கூட்டிக்கொள்ளலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, மின்சுற்றுப் படங்களும், பயாஸ் என்னும் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பின் வரிகளும் அடங்கிய விளக்க நூலை விலைக்கு விற்றார்கள். பூட்டோடு சாவியையும் கொடுப்பது போன்ற செயல் அது.

அப்பொறியை முதன்முதலில் விரிவுபடுத்த முயன்றவர்களுக்கு இரண்டு தடைகள் எதிர்ப்பட்டன. அவை இன்றைய மாணவர்க்கும் பாடமாவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வன்தட்டு சேர்க்க விரும்பியவர்கள், பெட்டியின் மின்வழங்கி 63.5 வாட்டு மட்டுமே தரக் கூடியது என்பதைக் கண்டார்கள். அக்கால வன்தட்டின் பசிக்கு அது போதவில்லை. 1983-இல் வந்த எக்ஸ்.டி. என்னும் அடுத்த பொறியில் மின்வழங்கி 130 வாட்டாக உயர்ந்தது. இரண்டாவது தடை, பயாஸ். தொடக்கத்தில் வந்த பொறிகளின் பயாஸ், புதிதாகச் செருகப்படும் அட்டையில் உள்ள கட்டளைகளை நாடிப் பார்க்காது. 1982 அக்டோபரில் திருத்தப்பட்ட பதிப்பிலிருந்துதான் அந்த வசதி வந்தது. பழைய பொறி வைத்திருந்தவர் சில்லையே மாற்ற வேண்டியிருந்தது. இன்று கட்டி முடித்து விற்கப்படும் மேசைக் கணிப்பொறி ஒன்றில் படவரை அட்டையைச் சேர்க்க விரும்பும் மாணவன் எதனால் தடுக்கப்படுகிறான்? ஒன்று, மெலிந்த பெட்டிக்குள் அடங்கிய 200 வாட்டு அளவிலான மின்வழங்கி. மற்றொன்று, புதிய உறுப்பை ஏற்க மறுக்கும் பயாஸ். நாற்பது ஆண்டுகளாக இவ்விரு தடைகளும் இடம் மாறாமல் நிற்கின்றன. ஆதலால் உறுப்பை வாங்கும் முன்பு, மின்வழங்கியின் பக்கத்தில் ஒட்டியுள்ள வாட்டுக் கணக்கையும், பயாஸின் பதிப்பு எண்ணையும் படித்துக்கொள்வது கடைக்காரரிடம் பேரம் பேசுவதைவிட முக்கியமானது.

சாவி கொடுத்த கதையின் விளைவு விரைவில் வந்தது. காம்பாக் என்னும் புதிய நிறுவனத்தார் 1982-இல், ஐ.பி.எம். பொறிக்கு எழுதிய மென்பொருள் எல்லாம் ஓடக் கூடிய வேறொரு பொறியை அறிவித்தார்கள். பயாஸின் வரிகளைப் பார்த்து எழுதினால் அது திருட்டு. எனவே ஒரு குழுவினர் அது என்னென்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் குறித்துக் கொடுத்தனர். அவ்வரிகளைக் கண்ணால் கண்டிராத வேறொரு குழுவினர், அக்குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக எழுதினர். விடைத்தாளைப் பாராமல் வினாவை மட்டும் வாங்கிக்கொண்டு எழுதித் தேறிய மாணவனைப் போன்றவர்கள் அவர்கள். அதன் பின் அதே அளவில், அதே பள்ளங்களோடு, உலகெங்கும் பொறிகள் பெருகின. ஒருவர் செய்த அட்டை மற்றவர் செய்த பெட்டியில் பொருந்திற்று.

ஐ.பி.எம். இதைக் கண்டு மகிழவில்லை. 1987 ஏப்ரலில் பி.எஸ்.-2 என்ற புதிய வரிசையை வெளியிட்டு, அதில் மைக்ரோ சேனல் என்னும் வேறு வகைப் பள்ளத்தை அமைத்தது. தொழில்நுட்பத்தில் அது சிறந்ததே. ஆனால் பழைய அட்டைகள் அதில் நுழையா. பிறர் அதைச் செய்ய விரும்பினால் உரிமைத்தொகை செலுத்த வேண்டும். அடுத்த ஆண்டே காம்பாக் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுகூடி, பழைய அட்டைகளையும் ஏற்கும் வேறொரு பள்ளத்தை அறிவித்தன. சிறந்த பள்ளம் தோற்றது. பழையதை மதித்த பள்ளம் வழியை வென்றது. வரலாற்று மாணவர்கள் இதை மறவாதிருப்பது நல்லது. 2005-இல் ஐ.பி.எம். தன் தனிமனிதக் கணிப்பொறித் தொழிலையே லெனோவோ என்னும் சீன நிறுவனத்திற்கு விற்றுவிட்டது. அந்த லெனோவோவின் தொழிற்கூடம் ஒன்று நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் இருக்கிறது என்பது, உலக வரலாறு நம் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கும் விதத்திற்கு ஒரு சான்று.

புதுச்சேரியைச் சொன்னதும் நம் நாட்டுக் கதையைத் தொடர வேண்டியவனாகிறேன். ஐ.பி.எம். வெளியேறிய அதே 1978-இல், எச்.சி.எல். என்ற இந்திய நிறுவனம் தன் சிறு கணிப்பொறியை வெளியிட்டது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவருள் முதன்மையானவர், தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்து கோவையில் பொறியியல் பயின்ற சிவ் நாடார். பின்னாளில் புதுச்சேரியை அடுத்த சேதராப்பட்டில் அந்நிறுவனத்தின் கணிப்பொறிகள் கட்டப்பட்டன. நம் பக்கத்துப் பள்ளிகளின் பழைய பெட்டிகள் சிலவற்றில் அவ்வூர்ப் பெயர் பொறித்த ஒட்டுச்சீட்டை இன்றும் காணலாம். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தியின் அரசாங்கம் புதிய கணிப்பொறிக் கொள்கையை அறிவித்து, உறுப்புகளின் மீதான இறக்குமதி வரியைக் குறைத்தது. முழுப் பொறிக்கு மட்டுமன்றி உறுப்புக்கும் வழி திறந்ததால், உறுப்புகளை வாங்கிப் பூட்டும் தொழில் தெருவுக்குத் தெரு பிறந்தது.

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டி ரிச்சி தெரு என்று ஒன்று உண்டு. முன்னர் வானொலி உறுப்புகளுக்குப் பெயர் பெற்றது. பிறகு தொலைக்காட்சி உறுப்புகள். பிறகு கணிப்பொறி உறுப்புகள். பலகையின் மேல் உருவம் மாறிற்றே ஒழிய, கடைக்காரரின் தொழில் மாறவில்லை. பழுதான உறுப்பைக் கையில் எடுத்துச் சென்று, அதற்கு இணையானதைக் கேட்டு வாங்கும் வழக்கம் வானொலிக் காலத்திலிருந்தே அங்கே வேரூன்றியது. நூல்களில் தாய்ப்பலகை என்று எழுதப்படுவதை அங்கே மதர்போர்டு என்பர், நினைவகம் ராம், மின்வழங்கி எஸ்.எம்.பி.எஸ். விருத்தாசலத்திலும் கடலூரிலும் கணிப்பொறி பழுதுபார்க்கும் இளைஞர்களுக்கு அத்தெரு ஒரு பல்கலைக்கழகம். அதற்குப் பட்டமளிப்பு விழா இல்லை, அவ்வளவே.

பள்ளிகளுக்கும் அக்காலத்திலேயே கணிப்பொறி வந்தது. 1984-85-இல் நடுவண் அரசு தொடங்கிய கிளாஸ் என்னும் திட்டத்தில், இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ பொறிகள் நாட்டின் சில நூறு பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. பழுதுபார்ப்பதற்கு ஆளும் உறுப்பும் கிடைத்த இடங்களில் அவை உழைத்தன. கிடைக்காத இடங்களில் உறை போர்த்திக்கொண்டு உறங்கின. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் முதல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. பொறி கொடுப்பது ஒரு நாளில் முடியும் காரியம். அதை ஓட வைப்பது பத்தாண்டு வேலை.

அந்தப் பத்தாண்டு வேலையைப் பற்றித் தலைமையாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. பள்ளிக்கு வரும் பெட்டியின் மேல், இதைப் பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்று ஓர் ஒட்டு இருக்கும். உத்தரவாதக் காலம் முடிந்த பின்னும் அந்த ஒட்டு அஞ்ச வைக்கும். அதற்கு மேல் இருப்புப் பதிவேடு உண்டு. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் இரண்டு பொறிகள் நின்றுபோயின. ஒன்றுக்குத் தாய்ப்பலகை கெட்டது, மற்றொன்றுக்கு மின்வழங்கி கெட்டது. இரண்டிலும் நல்ல உறுப்பை எடுத்துச் சேர்த்தால் ஒரு பொறி ஓடும். அவ்வாறே செய்தோம், ஓடியது. தணிக்கைக்கு வந்தவர் இரண்டு எண்களுக்கும் இரண்டு ஓடும் பொறிகளைக் கேட்டார். இரண்டும் நின்றிருந்தபோது அவர் ஒன்றும் கேட்டதில்லை! பின்னர் உறுப்பு மாற்றப் பதிவேடு என்று ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கி, எந்த எண்ணுள்ள பெட்டியிலிருந்து எந்த உறுப்பு எந்த நாளில் எங்கே சென்றது என்று எழுதிவந்தோம். அதன் பிறகு தணிக்கையில் கேள்வி எழவில்லை. பள்ளிகளில் இப்படி ஒரு நோட்டு இருப்பது, பெட்டிக்குள் இருக்கும் எந்த உறுப்புக்கும் குறையாத பயனுடையது.

கணிப்பொறியின் பழுதுகளில் பல, வரலாற்றின் சுவடுகளே. பொறியைத் திறந்தவுடன் ஒரு கீச்சொலி எழுகின்றது. அது 1981-ஆம் ஆண்டுப் பொறியிலிருந்து வந்த வழக்கம். மின்சாரம் வந்ததும் பொறி தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, திரையே எழாத நிலையிலும் ஒலியால் தன் குறையைச் சொல்கின்றது. எத்தனை ஒலி, எவ்வளவு நீளம் என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, அப்பொறியைச் செய்தவரின் விளக்க ஏட்டோடு ஒப்பிட வேண்டும். நினைவகத்தைக் குறிக்கும் ஒலியாக இருந்தால், மின்னிணைப்பை நீக்கிப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் துடைத்து, துகளை நீக்கிவிட்டு மீண்டும் அழுத்திச் செருகினாலே பல பொறிகள் எழுந்துவிடும். நம் ஊர்ப் புழுதிக்கு இது ஏற்ற மருந்து.

மற்றொன்று, நாள் பிழை. பொறி திறக்கும்போதெல்லாம் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னே சென்று நிற்கும். 1984-இல் வந்த ஏ.டி. என்னும் பொறியில்தான், மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டவும், அமைப்புகளை நினைவில் வைக்கவும் ஒரு மின்கலம் சேர்க்கப்பட்டது. இன்று அது காசு வடிவில் இருக்கின்றது. சி.ஆர்.2032 என்பது அதன் பெயர். 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதை அப்பெயரின் எண்களே சொல்லிவிடுகின்றன. அது தீர்ந்துவிட்டால் நாள் பின்னோக்கிப் போவதோடு, இணையத்தின் பாதுகாப்பான பக்கங்களும் திறவா. ஏனெனில் அப்பக்கங்களின் சான்றிதழ் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று கணக்கிடப்படுவது பொறியின் நாட்காட்டியைக் கொண்டே. இணையம் வரவில்லை என்று தொலைபேசிக்காரரைக் குறை கூறி மாதக்கணக்கில் மனு எழுதிய பள்ளிகள் உண்டு. குறை, சில பத்து ரூபாய் விலையுள்ள ஒரு காசு மின்கலத்தில் இருந்தது.

தாய்ப்பலகையில் சிறு தகர டப்பாக்களைப் போல நிற்பவை மின்தேக்கிகள். அவற்றின் தலை உப்பியிருந்தால் பொறி இடையிடையே நின்று போகும். 1999 முதல் சில ஆண்டுகளில் செய்யப்பட்ட ஆயிரக்கணக்கான பலகைகள், உள்ளே ஊற்றிய மின்பகு நீரின் குறையால் இவ்வாறு உப்பிக் கெட்டன. உலகளாவிய அந்தக் கொள்ளைநோய்க்கு நம் நாட்டுப் பொறிகளும் தப்பவில்லை. அதே பலகையில் எள்ளளவாகக் காணப்படும் மற்றொரு வகை மின்தேக்கி பீங்கானால் ஆனது. பீங்கான் என்றவுடன் விருத்தாசலத்தார்க்குக் காது நிமிரும் என்பதை அறிவேன். நெய்வேலிப் பக்கத்து வெண்களிமண்ணால் நம் ஊரில் பொம்மைகளும் மின்சார ஃபியூஸ் கட்டைகளும் செய்கிறோம். கணிப்பொறியின் பீங்கான், பேரியம் டைட்டனேட் போன்ற வேறு பொருளால் ஆவது. ஆயினும் பொடியைப் பிசைந்து, உருவாக்கி, சூளையில் சுட்டு எடுக்கும் முறை ஒரே குலத்தைச் சேர்ந்தது. 1971-இல் வந்த இன்டெல் நிறுவனத்தின் முதல் நுண்செயலியும் வெண்பீங்கான் உறைக்குள்தான் இருந்தது. ஒரு நாள் நம் சூளைகளும் அவ்வகைப் பொருளுக்கு மாறலாகாதா என்று எண்ணுவது ஆசிரியனின் ஆசை.

வேகம் குறைந்த பழைய பொறிக்கு இன்று சொல்லப்படும் முதல் மருந்து, சுழலும் வன்தட்டை நீக்கித் திடநிலை வட்டைப் பூட்டுவதாகும். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டில், வேண்டிய செய்தி ஊசியின் கீழ் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி, அரைச் சுற்றுக்கு 4.2. ஊசி நகரும் நேரம் தனி. திடநிலை வட்டில் சுழல்வதும் நகர்வதும் இல்லை. அதனால் காத்திருப்பு மில்லிவினாடியின் சிறு பகுதியாகக் குறைந்துவிடுகின்றது. நினைவகத்தைக் கூட்டும்போது மட்டும் வகையைப் பார்க்க வேண்டும். டி.டி.ஆர்.3 பட்டைக்கு 240 தொடுமுனைகள், டி.டி.ஆர்.4 பட்டைக்கு 288. வெட்டுக் குழியும் இடம் மாறியிருக்கும். செருக மறுத்தால் வலிந்து அழுத்தலாகாது. மின்வழங்கியின் பெட்டியை மட்டும் மாணவர் எவரும் திறக்க வேண்டா. இணைப்பை எடுத்த பின்னும் அதனுள் உயிரைத் தீண்டும் மின்னேற்றம் தங்கியிருக்கும். கெட்டதை முழுவதுமாக மாற்றிவிடுவதே முறை.

அம்மாற்றத்தில்தான் இப்போதைய இடர் தலைகாட்டுகின்றது. 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறைப்படி பலகையும் மின்வழங்கியும் செய்யப்பட்டவரையில், எந்தக் கடையில் வாங்கியதும் பொருந்தியது. இன்று கட்டி முடித்து விற்கும் நிறுவனங்கள் சில, தமக்கே உரிய வடிவில் மின்வழங்கியையும், தமக்கே உரிய இணைப்பு முனைகளையும் அமைக்கின்றன. ரிச்சி தெருவில் கிடைக்கும் பொருள் அங்கே நுழையாது. சிறு பொறிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டு வருகின்றது. வாங்கும் நாளில் எவ்வளவோ, அவ்வளவே. 1987-இல் பள்ளத்தின் வழியாக மூட முயன்றது போல, இப்போது பற்றாசின் வழியாக மூடுகிறார்கள். ஒன்பது நிறுவனங்கள் கூடி எதிர்த்த அந்நாளைப் போன்ற எதிர்ப்பு இன்னும் எழவில்லை.

மென்பொருளும் தன் பங்குக்குக் கதவை நெருக்குகின்றது. 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், ஏறத்தாழ 2017-க்குப் பிந்திய செயலியையும் கேட்கின்றது. அதற்கு முந்திய விண்டோஸ் 10-க்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. நினைவகம் கூட்டி, வட்டு மாற்றி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொறியும் இக்கணக்கில் பழையதாகிவிடும். கம்மாபுரம் போன்ற ஊரில் ஒரு பள்ளிக்கு அடுத்த பொறி எப்போது வரும் என்று சொல்ல எவராலும் இயலாது என்பதை எண்ணும்போதுதான் இதன் எடை தெரியும். 1401 பொறியை வாடகைக்கு எடுத்தவன், பொறி எப்போது பழையதாகும் என்பதைத் தானே தீர்மானிக்க முடியாதவனாக இருந்தான். சொந்தமாக வாங்கியவனும் இன்று அந்நிலைக்கு அருகே வந்துகொண்டிருக்கிறான்.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் இயக்க மென்பொருள் தமிழிலும் பயன்படக் கூடியது. தமிழ்நாட்டின் விலையில்லா மடிக்கணினிகளில் அதுவும் இடம்பெற்றிருந்தது. கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் பொறிகள் லினக்ஸிலேயே ஓடுகின்றன. அங்கே 2018-இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் குழுக்களில் வன்பொருள் பயிற்சியும் ஒரு பாடம். அதாவது, பெட்டியைத் திறக்கும் உரிமையைப் பள்ளி மாணவன் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். நம் மாநிலத்தில் அதைப் பின்பற்றப் பெரிய செலவு வேண்டியதில்லை. ஒரு திருப்புளியும், நான் முன்பு சொன்ன நோட்டுப் புத்தகமும், தலைமையாசிரியரின் கையொப்பமும் போதும்.

2022 ஜூலையில் நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான நெறிகளை வகுக்க ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையத்தளமும் தொடங்கப்பட்டது. தயாரிப்பாளர்கள் தம் பொருள்களின் விளக்க ஏடுகளையும், உதிரி உறுப்புகளின் விவரங்களையும் அங்கே வெளியிட வேண்டும் என்பது நோக்கம். உங்கள் பள்ளிக்கு அடுத்த முறை ஒரு பொறி வரும்போது, உறையைக் கிழிப்பதற்கு முன்னால் அதன் வகை எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் பழுதுபார்ப்பு ஏடு கிடைக்கின்றதா என்று ஆசிரியரோடு சேர்ந்து தேடிப் பாருங்கள். நினைவகத்திற்கு எத்தனை பள்ளங்கள், மின்வழங்கி எந்த அளவுமுறையைச் சேர்ந்தது, காசு மின்கலம் எங்கே இருக்கின்றது என்னும் மூன்றையும் அந்த ஏட்டில் தேடிப் பாருங்கள்.